ஆறு வீடு கட்டும்போது செலவும் வேகமும் கைமீறாமல் இருக்க என்ன கணக்கு வைக்க வேண்டும்?

நீங்கள் கேட்டதன் சுருக்கம் இது. தாம்பரத்தை ஒட்டி அப்பா வாங்கிப் போட்ட 2 கிரவுண்டு (4,800 சதுர அடி) மனை. நீங்களும் தம்பியும் சேர்ந்து, கீழே கார் நிறுத்த ஸ்டில்ட், அதன் மேல் 3 தளம், தளத்துக்கு 2 வீடு என்று மொத்தம் 6 வீடு கட்டப்போகிறீர்கள். ஆளுக்கு ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற நான்கையும் விற்பது திட்டம். பொருள் நீங்கள் வாங்கித் தருவது, வேலை லேபர் காண்ட்ராக்ட். இன்ஜினியர் போட்ட மதிப்பீடு 1 கோடியே 90 லட்சம், காலம் 12 மாதம். அதில் 80 லட்சம் கடன். "பாதியில் பணம் தீர்ந்து நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன கணக்கு வைப்பது, வேலை சரியான வேகத்தில் போகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது, நடுவில் வீடுகளை விற்றுச் சமாளிக்கலாமா, ஆப் ஏதாவது வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பயம் நியாயமானதுதான். தனி வீடு என்றால் தொகை சின்னது, நகையை வைத்தாவது முடித்துவிடலாம். பெரிய பில்டர் என்றால் அளந்து பில் போடவே ஆள் வைத்திருப்பார். ஆறு வீடு இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. தொகை பெரியது, கணக்குப் பார்க்கத் தனி ஆள் கிடையாது.

கட்டடம் கட்டுகிற எல்லோரும் ஒரு நோட்டு வைத்திருப்பார்கள். இதுவரை எவ்வளவு செலவானது என்று அதில் தெளிவாக இருக்கும். அந்தத் தொகையை மட்டும் வைத்துக்கொண்டு எந்த முடிவும் எடுக்க முடியாது. 90 லட்சம் செலவாகியிருக்கிறது என்றால் அது நல்ல சேதியா கெட்ட சேதியா? வேலை எவ்வளவு முடிந்திருக்கிறது என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது. உங்களுக்கு ஒவ்வொரு மாதமும் தெரிய வேண்டியது வேறு ஒரு தொகை: இன்று இருக்கும் நிலையிலிருந்து சாவி கொடுக்கும் வரை இன்னும் எவ்வளவு பணம் வேண்டும்? அது கையிருப்பையும் மிச்சமிருக்கும் கடனையும் தாண்டாமல் இருக்கிறதா? இந்த ஒன்றைச் சரியாகச் சொல்ல முடிந்தால் கட்டடம் நிற்காது. கீழே சொல்வதெல்லாம் இந்தத் தொகையை நம்பும்படி கணக்கிடுவதற்கான வழிகள்தான்.

மதிப்பீட்டிலிருந்தே தொடங்குவோம். 1 கோடியே 90 லட்சம் என்பது 7,800 சதுர அடியை ஏதோ ஒரு சதுர அடி ரேட்டால் பெருக்கி வந்த தொகையா, அல்லது வேலை வாரியாக அளவு எடுத்துப் போட்டதா என்று இன்ஜினியரிடம் கேளுங்கள். சதுர அடி ரேட் பேரம் பேச உதவும், கட்டுப்படுத்த உதவாது. மண் தோண்டுவது இத்தனை கன அடி, ஃபுட்டிங் (தூணுக்கு அடியில் போடும் அடித்தளம்) கான்கிரீட் இத்தனை கன மீட்டர், கம்பி இத்தனை டன், 9 அங்குலச் சுவர் இத்தனை கன அடி, உள்பூச்சு இத்தனை சதுர அடி என்று அளவும் ரேட்டும் தனித்தனியாக இருக்கும் பட்டியல் வேண்டும். ஆறு வீட்டுக்கு அது 50, 60 வரி வரும். அதை வாங்காமல் பூமி பூஜைக்கு நாள் பார்க்காதீர்கள்.

பட்டியல் கையில் வந்ததும் அதில் எது இல்லை என்று தேடுங்கள். பெரும்பாலான மதிப்பீடு கட்டடத்தோடு நின்றுவிடும். மண் பரிசோதனை, அனுமதிக் கட்டணங்கள், தொழிலாளர் நல நிதி, தற்காலிக மின் இணைப்பு, போர்வெல், வாட்ச்மேன், சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி), மழைநீர் சேகரிப்பு, காம்பவுண்டு சுவர், கேட், லிஃப்ட், மோட்டார், மின்வாரிய டெபாசிட், பாதாளச் சாக்கடை இணைப்பு அல்லது செப்டிக் டேங்க், ஸ்டில்ட்டின் தரை, இவையெல்லாம் எங்கே இருக்கின்றன? பலமுறை பார்த்த இன்னொரு விடுதல், அடித்தளத்தில் நிரப்பும் மண். ரோடு வருடா வருடம் உயர்வதால் தரைமட்டத்தை இரண்டரை அடி தூக்க வேண்டும் என்று வையுங்கள். 2,600 சதுர அடிக்கு 6,500 கன அடி, அதாவது 65 யூனிட். அது தண்ணீர் விட்டுத் திமிசு போட்ட பிறகு இருக்க வேண்டிய அளவு. லாரியில் வாங்குவது அதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். சிமென்ட் மீதான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. உங்கள் மதிப்பீடு பழைய விலையில் போட்டதா என்றும் பாருங்கள்.

எதிர்பாராச் செலவுக்கு 8 முதல் 10 சதவீதம் தனியாக வையுங்கள். அதை யாரும் கேட்காமல் எடுக்கக் கூடாது. ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் எதற்கு என்று ஒரு வரி எழுத வேண்டும். அடித்தளம் முடிவதற்குள்ளேயே அதில் பாதி போய்விட்டது என்றால் அப்போதே உட்கார்ந்து பேசுங்கள். மூன்றாவது ரூஃப் வரை காத்திருக்க வேண்டாம்.

இப்போது கணக்கு. செங்கல் வேலைக்குக் கல், சிமென்ட், எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்), கூலி எல்லாம் சேர்த்து 14 லட்சம் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதக் கடைசியில் டேப் பிடித்து அளந்தால் மொத்தச் சுவரில் 60 சதவீதம் எழும்பியிருக்கிறது. அப்படியானால் இதுவரை ஆகியிருக்க வேண்டியது 8 லட்சத்து 40 ஆயிரம். உண்மையில் ஆனது எவ்வளவு? கொடுத்த பணம் மட்டும் அல்ல. கடையில் நிற்கும் பாக்கியைக் கூட்ட வேண்டும், சைட்டில் அடுக்கி வைத்திருக்கும் கல்லையும் பிரிக்காத மூட்டையையும் கழிக்க வேண்டும். அப்படிப் பார்த்து 9 லட்சத்து 80 ஆயிரம் வருகிறது. இதே போக்கில் போனால் செங்கல் வேலை 16 லட்சத்து 33 ஆயிரத்தில்தான் முடியும். அதாவது 2 லட்சத்து 33 ஆயிரம் இடிக்கிறது. இது சுவர் முடிந்த பிறகு தெரிந்தால் வருத்தப்படத்தான் முடியும். 60 சதவீதத்தில் தெரிந்தால் காரணத்தைப் பிடிக்கலாம். கல் உடைசல் அதிகமா, கலவை தடிமனாகப் போகிறதா, லோடில் எண்ணிக்கை குறைகிறதா என்று ஒரு நாள் நின்று பார்த்தால் விடை தெரியும்.

பாக்கியைக் கூட்டாமல் விடுவதுதான் நான் பார்த்தவரை மிகப் பெரிய ஏமாற்றம். ஹார்டுவேர் கடைக்காரர் நல்லவர், "பணம் எங்க சார் போகுது, மெதுவா குடுங்க" என்பார். கணக்கு நோட்டில் செலவு குறைவாகவே தெரியும். மூன்று மாதம் கழித்து 6 லட்சம் பில் ஒன்றாக வந்து நிற்கும். எனவே பொருள் வந்து இறங்கிய அன்றே செலவு என்று எழுதுங்கள், பணம் கொடுத்த அன்று அல்ல.

பொருள் வந்து இறங்கும் இடத்தில்தான் பணம் சத்தமில்லாமல் போகிறது. எம்-சாண்ட் டிப்பர் வந்ததும் கொட்டச் சொல்லிவிடுவார்கள். கொட்டிய பிறகு அளக்க முடியாது. லாரி மேல் ஆளை ஏற்றி, மேலே கூம்பாக இருக்கும் மணலைச் சமமாக இழுத்துவிடச் சொல்லுங்கள். பிறகு உள்ளளவில் நீளம், அகலம், ஒரு கம்பியைக் குத்தி நாலைந்து இடத்தில் ஆழம். 14 அடி நீளம், 7 அடி அகலம், சராசரி மூன்றரை அடி ஆழம் என்றால் 343 கன அடி. ஒரு யூனிட் 100 கன அடி, ஆக 3.43 யூனிட். பில்லில் 4 யூனிட் என்று இருந்தால் ஒரு லோடுக்கு, வராத 57 கன அடி மணலுக்குப் பணம் கொடுக்கிறீர்கள். ஈரமணல் உப்பி அதிக இடம் பிடிக்கும் என்பதால் நனைந்த லோடை அதே அளவுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு லோடு இப்படி அளந்தால் போதும், மூன்றாவது லோடு தானாகச் சரியாக வரும்.

கம்பியை எண்ணிக்கையில் வாங்காமல் எடையில் வாங்குங்கள். காலி வண்டி எடையும் லோடு எடையும் நீங்கள் சொல்லும் எடைமேடையில் போடச் சொல்லுங்கள். கூடவே எண்ணியும் பாருங்கள். விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து அதன் வர்க்கத்தை 162 ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்குக் கிலோ கிடைக்கும். 12 எம்எம் கம்பி மீட்டருக்கு 0.888 கிலோ, 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று 10.66 கிலோ. 100 கம்பி இறங்கி எடை 1,066 கிலோவுக்குச் சில சதவீதம் முன்பின் இருந்தால் அது தரவிதி அனுமதிக்கும் வித்தியாசம். அதைவிடப் பெரிய வித்தியாசம் என்றால் எடையிலோ கம்பியிலோ கோளாறு.

ரூஃப் கான்கிரீட்டில் இழப்பு வேறு மாதிரி. உங்கள் தளம் 2,600 சதுர அடி, தடிமன் 5 அங்குலம் என்றால் ஸ்லாபுக்கு மட்டும் 1,083 கன அடி, ஏறத்தாழ 30.7 கன மீட்டர். கான்கிரீட்டை அடியில் தாங்கும் சென்ட்ரிங் ஷீட் தொய்ந்தோ, லெவல் பார்க்காமலோ தடிமன் அரை அங்குலம் கூடிவிட்டால் 3 கன மீட்டர் கூடுதல். உங்களுக்கு 4 ரூஃப். மொத்தம் 12 கன மீட்டர், அதாவது 6 கன மீட்டர் பிடிக்கும் இரண்டு மிக்சர் லாரி. கட்டடத்துக்கு எந்த நன்மையும் இல்லாத கூடுதல் பாரம் வேறு. கான்கிரீட் போடுவதற்கு முதல் நாள் மாலை, நூல் கட்டி ரசமட்டம் வைத்து, நாலு மூலையிலும் நடுவிலும் லெவல் பார்த்துவிட்டால் இந்த இரண்டு லாரியும் மிச்சம். அன்று மாலை மேஸ்திரி அவசரப்படுத்துவார். காதில் வாங்காதீர்கள்.

லேபர் காண்ட்ராக்ட்டுக்கு வருவோம். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசும்போதே எதைச் சதுர அடி என்று அளப்பது என்பதை எழுதிக்கொள்ளுங்கள். பால்கனி முழு அளவா பாதியா, ஸ்டில்ட்டுக்கு என்ன ரேட், படிக்கட்டின் மேல்கூடு, ஓவர்ஹெட் டேங்க், சம்ப், காம்பவுண்டு இதெல்லாம் உள்ளா வெளியா. முடிவில் வரும் சண்டை பாதி இதில்தான் பிறக்கிறது. அடுத்து, மொத்தக் கூலியைக் கட்டங்களாகப் பிரியுங்கள்: பிளின்த் (தரைமட்டம்) வரை, ஒவ்வொரு ரூஃபுக்கும், செங்கல், பூச்சு, மற்றவை. இதில் ரூஃபுக்கு அதிகமாகவும் பூச்சுக்குக் குறைவாகவும் வைத்துவிட்டால் கடைசி ரூஃப் போட்டதும் மேஸ்திரிக்கு உங்கள் சைட்டில் ஆர்வம் போய்விடும். பூச்சு வேலை ஆள் தின்னும் வேலை, அதற்குரிய பணம் அதில் மிச்சம் இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மாலை நீங்களும் மேஸ்திரியும் சேர்ந்து அளந்து, அளவுப் புத்தகத்தில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். சனிக்கிழமை அந்த அளவுக்குத்தான் பணம். உதாரணமாக இதுவரை அளந்த வேலைக்கு 3,40,000 ஆகிறது. கடைசியில் தருவதற்காக நிறுத்தி வைக்கும் 5 சதவீதப் பிடித்தம் 17,000. ஏற்கெனவே கொடுத்தது 2,95,000. இந்த வாரம் தரவேண்டியது 28,000. மேஸ்திரி வந்து, "சார், ஆளுங்களுக்குச் சம்பளம் போடணும், ஒரு அறுபதாயிரம் குடுத்திடுங்க, அடுத்த வாரம் கழிச்சுக்கலாம்" என்பார். கொடுக்க மறுப்பதோடு விட்டுவிடாதீர்கள். ஏன் பற்றவில்லை என்று பாருங்கள். ஆள் பட்டியலை வாங்கிக் கூட்டிப் பாருங்கள். ஆட்கள் வந்தும் வேலை நகரவில்லை என்றால் ஒன்று, உங்கள் பொருள் நேரத்துக்கு வராமல் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அது உங்கள் பொறுப்பு, அதற்குரிய கூலியைக் கொடுத்துவிடுவதுதான் நியாயம். இரண்டு, மேஸ்திரி ஆட்களை வேறு சைட்டுக்கும் பிரித்து அனுப்பியிருப்பார். மூன்று, பேசிய ரேட்டே கட்டுப்படியாகாதது. மூன்றாவது காரணம் என்றால் அப்போதே திருத்திப் பேசுங்கள். கட்டாத ரேட்டில் ஒருவரைப் பிடித்து வைத்தால் அவர் நடுவில் போய்விடுவார். பாதி வேலையை எடுத்துக்கொள்ள வரும் புது மேஸ்திரி என்ன கேட்டாலும் கொடுக்க வேண்டியிருக்கும். கொத்தனாரும் சித்தாளும் வாரக் கூலியை நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்கள். மேஸ்திரியோடு உங்களுக்குள்ள கணக்குத் தகராறில் அவர்களுடைய சனிக்கிழமை சம்பளம் நிற்காமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் கடமைதான்.

தரத்தையும் செலவையும் தனித்தனியாக நினைக்கிறவர்கள் அதிகம். சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கும் தூக்குக்குண்டை எடுத்துக்கொள்ளுங்கள். உள்பூச்சு 12 எம்எம் என்று கணக்கிட்டிருப்பார்கள். தூணோ சுவரோ 20 எம்எம் சாய்ந்திருந்தால் அதைச் சரிக்கட்டப் பூச்சு சில இடங்களில் 30 எம்எம் தாண்டும். அந்தச் சுவருக்குச் சிமென்ட்டும் மணலும் இரட்டிப்பாகும், தடித்த பூச்சு பிற்பாடு வெடிக்கவும் செய்யும். தூணுக்குக் கான்கிரீட் ஊற்றும் பெட்டி அடிக்கும்போது ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கம் குண்டு விட்டுப் பார்க்கச் சில நிமிடம் ஆகும். அதைச் செய்யாமல் பிறகு பூச்சில் கணக்கு ஏன் இடிக்கிறது என்று தேடிப் பயனில்லை.

இனி வேகம். முதலில் ஒரு நாள் தாமதத்துக்கு விலை போடுங்கள். கடன் முழுவதும் எடுத்த பிறகு 80 லட்சத்துக்கு 11 சதவீதம் என்றால் மாதம் சுமார் 73,000 வட்டி. வாட்ச்மேன், சூப்பர்வைசர், தற்காலிக கரண்ட், சென்ட்ரிங் வாடகை என்று 40,000. சேர்த்தால் நாளுக்கு ஏறக்குறைய 3,800. இது தெரிந்தால் பல முடிவுகள் எளிதாகும். மூட்டைக்கு 5 ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது, ஆனால் சிமென்ட் வர நாலு நாளாகும் என்றால் 200 மூட்டையில் மிச்சம் 1,000 ரூபாய், இழப்பு 15,000.

சென்னையில் கட்டுகிறவர்கள் காலண்டரை வடகிழக்குப் பருவமழையிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை குழி தோண்டுவதும் வெளிப்பூச்சும் நஷ்டம். தை பிறந்து தொடங்கினால் ஏப்ரலுக்குள் பிளின்த், செப்டம்பர் முடிவதற்குள் கடைசி ரூஃப் என்று போகலாம். மழை மாதங்களில் உள்பூச்சு, எலக்ட்ரிகல், பாத்ரூம் வேலை. வெளிப்பூச்சும் பெயிண்ட்டும் மழை ஓய்ந்த பிறகு. அதனால்தான் சொல்கிறேன், 12 மாதம் எல்லாம் கூடிவந்தால் மட்டும். கடனுக்கும் வாடகைக்கும் 14 மாதக் கணக்குப் போட்டு வையுங்கள். ஆடித் திருவிழா, தீபாவளி, பொங்கலுக்கு விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்து ஆட்கள் ஊருக்குப் போவார்கள். வடமாநிலத்து ஆட்கள் ஹோலிக்கும் சத் பூஜைக்கும் போனால் திரும்பி வர வாரக்கணக்காகும். இதையெல்லாம் முன்பே தேதி போட்டுக் காலண்டரில் அடைத்துவிடுங்கள்.

வேகம் வேண்டும் என்று ரூஃபைத் தாங்கும் முட்டுகளைச் சீக்கிரம் பிரிக்க விடாதீர்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 456-ன்படி நாலரை மீட்டர் வரையுள்ள ஸ்லாபுக்கு முட்டு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள். அதுவும் சாதாரண சிமென்ட்டுக்குச் சொன்ன குறைந்தபட்சம். வேகம் கூட்டச் சரியான வழி, இன்னொரு செட் ஷீட்டும் முட்டும் வாடகைக்கு எடுப்பது. நாளுக்கு 3,800 என்ற கணக்கோடு ஒப்பிட்டால் அந்த வாடகை பெரிதாகத் தெரியாது.

ரூஃப் ஏறும் வரை முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும். சிக்கல் அதற்குப் பிறகுதான். "எல்லாம் முடிஞ்ச மாதிரிதான் சார், ஃபினிஷிங் மட்டும்தான்" என்பார்கள். ஆனால் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த ஃபினிஷிங்கில் இருக்கிறது. இதற்கு ஒரு சார்ட் போதும். இடது பக்கம் 6 வீடு. மேலே வேலைகள்: செங்கல், சுவர் வெட்டிப் பைப் பதிப்பது, பூச்சு, பாத்ரூம் வாட்டர் ப்ரூஃபிங், சுவர் டைல், தரை டைல், பட்டி (சுவரை வழவழப்பாக்கும் மாவுப் பூச்சு), பிரைமர், கதவு, ஜன்னல், சுவிட்ச், பாத்ரூம் ஃபிட்டிங், கடைசிக் கோட் பெயிண்ட். 13 வேலை, 78 கட்டம். கட்டம் நிரம்பியது அல்லது நிரம்பவில்லை, பாதி கிடையாது. பாத்ரூமில் 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்திப் பார்க்காமல் வாட்டர் ப்ரூஃபிங் கட்டத்தை நிரப்பக் கூடாது. 20 வாரம் இருக்கிறது என்றால் வாரம் 4 கட்டம் நிரம்ப வேண்டும். இரண்டு வாரம் தொடர்ந்து ஒன்றோ இரண்டோதான் நிரம்புகிறது என்றால் தாமதம் வந்துவிட்டது, யார் என்ன சமாதானம் சொன்னாலும் சரி.

இந்தக் கட்டத்தில் நான் மிகவும் வலியுறுத்துவது ஒன்று உண்டு. ஆறு வீட்டையும் ஒரே சீராக இழுக்காமல், முதல் தளத்தில் ஒரு வீட்டை மட்டும் சுவிட்ச், குழாய், பெயிண்ட் வரை முழுதாக முடித்துவிடுங்கள். டைல் எத்தனை பெட்டி போனது, பட்டி எத்தனை மூட்டை, கார்பென்டருக்கு எத்தனை நாள் என்று அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் தனிக் கணக்கு. அதை மற்ற ஐந்து வீட்டின் பரப்புக்கு ஏற்பப் பெருக்கினால் ஃபினிஷிங்குக்கு இன்னும் எவ்வளவு வேண்டும் என்பது ஊகமில்லாமல் தெரியும். பாத்ரூமில் கதவு வாஷ்பேசினில் இடிக்கிறது, ஃப்ரிட்ஜ் வைக்கும் இடத்தில் பிளக் இல்லை என்பதெல்லாமும் ஒரு வீட்டோடு நிற்கும். வாங்க வருகிறவர்களுக்குக் காட்டவும் உதவும்.

லிஃப்ட், ஜன்னல், மெயின் டோர், மும்முனை மின் இணைப்பு, இவை நினைத்த அன்று கிடைக்காதவை. எல்லாவற்றுக்கும் ஆர்டர் கொடுக்க வேண்டிய கடைசித் தேதியை முதல் மாதத்திலேயே எழுதி வையுங்கள். அனுமதிப் படத்திலிருந்து விலகிக் கட்டாதீர்கள். உங்கள் கட்டடத்துக்கு நிறைவுச் சான்றிதழ் தேவைப்படுமா என்பதை இன்ஜினியரிடம் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். தேவைப்படும் கட்டடத்தில் ஓர் அறையை வெளியே இழுத்ததற்காக மின் இணைப்பு மாதக்கணக்கில் தள்ளிப்போனால் மேலே சொன்ன நாள் விலை ஓடிக்கொண்டே இருக்கும்.

மாற்றங்களைப் பற்றி. வாங்குகிறவர் சுவரைத் தள்ளச் சொல்வார், வீட்டில் பூஜை அறையைத் திருப்பச் சொல்வார்கள். மாற்றலாம், ஆனால் மாற்றத்துக்கு என்ன செலவு, எத்தனை நாள் தாமதம் என்று எழுதி, பணம் யார் தருவது என்று முடிவான பிறகுதான் மேஸ்திரிக்குச் சொல்ல வேண்டும். எலக்ட்ரிகல், பிளம்பிங் படத்தை முதல் ரூஃப் போடும் முன் முடித்துவிடுங்கள், ஸ்லாபுக்குள் பைப் போன பிறகு மாற்றுவது உடைப்புச் செலவு. நீங்கள் இரண்டு பேர் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேஸ்திரியிடம் வேலை சொல்வது ஒருவர் மட்டும். காலையில் அண்ணன் ஒன்று சொல்லி மாலையில் தம்பி வேறொன்று சொன்னால், எடுத்ததைப் பிரித்துக் கட்டிய கூலி இருவர் தலையிலும் விழும். ஒருவர் சைட்டைப் பார்த்தால் மற்றவர் பில்லையும் பணத்தையும் பார்க்கட்டும். பொருள் வந்தது என்று ஒருவர் கையெழுத்துப் போட்டால்தான் மற்றவர் பணம் கொடுக்க வேண்டும்.

நடுவில் விற்றுச் சமாளிக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில்: ஃபினிஷிங்குக்கு வேண்டுமானால் நம்பலாம், ரூஃபுக்கு நம்பாதீர்கள். வாங்குகிறவரின் வங்கி, தன் மதிப்பீட்டாளரை அனுப்பி அந்தந்தக் கட்டம் முடிந்ததைப் பார்த்த பிறகுதான் பணம் விடும். அதாவது வேலை முதலில், பணம் பிறகு. உங்கள் கையிருப்பும் கடனும் கடைசி ரூஃபும் செங்கல் வேலையும் முடியும் வரை தாங்க வேண்டும். தாங்காது என்றால் தொடங்கும் முன்பே கடனைக் கூட்டுங்கள். நிறைவுச் சான்றிதழுக்கு முன் விற்கும் வீட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், சலுகை விலை வீடு என்ற வரையறைக்குள் வந்தால் 1 சதவீதம். இந்த முறையில் நீங்கள் சிமென்ட்டுக்கும் கம்பிக்கும் கட்டிய வரியைத் திரும்ப எடுக்க முடியாது, அது உங்கள் செலவுதான். விலை பேசும் முன் ஆடிட்டரைப் பாருங்கள். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரிக் கணக்கில் அதைத் தொழில் செலவாக ஏற்பதில்லை என்பதையும் மேஸ்திரிக்குச் சனிக்கிழமை பணம் கொடுக்கும்போது நினைவில் வையுங்கள்.

2 கிரவுண்டு என்பது 4,800 சதுர அடி, சுமார் 446 சதுர மீட்டர். 2016 ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டம், நிலம் 500 சதுர மீட்டருக்கோ வீடு எட்டுக்கோ மேற்படாத திட்டங்களுக்குப் பதிவைக் கட்டாயமாக்கவில்லை, எனவே பதிவு தேவைப்படாது. ஆனால் அந்தச் சட்டம் பதிவான திட்டங்களுக்குச் சொல்லும் ஒன்றை நீங்களாகவே கடைப்பிடியுங்கள்: வாங்குகிறவர்கள் தரும் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில், அந்தக் கட்டடத்துக்கு மட்டும். நான்கு குடும்பத்தின் சேமிப்பு அது. வேறு செலவுக்கு அதிலிருந்து கைமாற்று எடுக்கும் நாளில்தான் கட்டடம் நிற்கத் தொடங்குகிறது.

ஆப் வேண்டுமா என்றால், வேண்டாம். எக்செலில் நான்கு ஷீட் போதும். ஒன்று அளவுப் பட்டியல், அதன் ஒவ்வொரு வரிக்கும் எதிரே அளந்த வேலை. இரண்டு, வந்த பொருளும் இருப்பும். மூன்று, கொடுத்த பணமும் நின்ற பாக்கியும். நான்கு, அடுத்த மூன்று மாதத்தில் எந்த வாரம் எவ்வளவு பணம் வெளியே போகும், எவ்வளவு உள்ளே வரும். சிமென்ட் வரவும் செலவும் சைட்டில் ஒரு நோட்டில் இருக்கட்டும், தினமும் மாலை சூப்பர்வைசர் அதைப் படம் எடுத்து அனுப்பினால் போதும். மாதம் ஒருமுறை இன்ஜினியரையும் உட்கார வைத்து, வரி வரியாக "இதை முடிக்க இன்னும் எவ்வளவு?" என்று கேட்டுக் கூட்டுங்கள். பழைய மதிப்பீட்டிலிருந்து செலவைக் கழித்து மிச்சத்தைச் சொல்ல விடாதீர்கள். அன்றைய விலையில், மிச்சமிருக்கும் அளவுக்குப் புதிதாகப் போட வேண்டும்.

கடைசி மாதங்களுக்கு ஒரு வார்த்தை. லிஃப்ட் உரிமம், மின் இணைப்பு, மோட்டார், கேட், கீழ்த்தரை, துப்புரவு, விட்டுப்போன டச்-அப் என்று சின்னச் சின்னதாக வரும்போது கையில் பணம் இருக்காது, மேஸ்திரியும் அடுத்த சைட்டில் இருப்பார். அதனால் கடைசி ரூஃப் முடிந்த அன்றே 10 லட்சத்தை இதற்கென்று ஒதுக்கித் தொடாமல் வையுங்கள். மேஸ்திரி, எலக்ட்ரீஷியன், பிளம்பர் மூவரிடமும் பிடித்த 5 சதவீதத்தில் பாதியை வேலை முடிந்ததும் கொடுத்துவிடலாம். மீதிப் பாதியை, எல்லா வீட்டிலும் ஆள் குடிவந்து ஒரு மழைக்காலம் தாண்டி, மொட்டை மாடியிலும் பாத்ரூமிலும் கசிவு இல்லை என்று பார்த்த பிறகு கொடுங்கள். இந்தத் தேதியை ஒப்பந்தத்திலேயே எழுதி, அன்று அவர்கள் கேட்காமலேயே நீங்கள் கூப்பிட்டுக் கொடுத்துவிடுங்கள்.